உம்மாவின் கண்ணில் கூடியது, நானாவின் காலில் குறைந்தது



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள். சீனி வருத்தக்காரர் ஒருவராவது இல்லாத வீடு நம்ம கிராண்ட்பாஸில் குறைவு. அதனால்தான் எழுதுகிறேன்.

போன நோன்புக்கு முன் ஒருநாள் இஷா தொழுதுவிட்டு வரும்போது, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு நானா என்னை நிறுத்தினார். அவருடைய வலது கால் விரலில் ஒரு புண். மூன்று மாதமாக ஆறவில்லை. கையில் ஒரு பளபளப்பான துண்டுப்பிரசுரம். வெளிநாட்டில் ஓரிடத்தில் ‘ஸ்டெம் செல்’ ஊசி போடுகிறார்களாம், காலில் புதிதாக இரத்தக் குழாய் முளைக்குமாம், காலை வெட்டவே தேவையில்லையாம்.

“சேர், நீங்க பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிச்சுக் குடுக்கிற ஆள். இது உண்மையா? மகள்ட கலியாணத்துக்கு வச்சிருக்கிற நகைய வித்துப்போட்டுப் போகலாமா?” என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அதே கிழமைதான் எங்கள் உம்மாவுக்குக் கண்ணில் ஊசி போட்டிருந்தார்கள். அந்த ஊசி எதற்கு? கண்ணுக்குள் புதிதாக முளைத்துக் கசியும் இரத்தக் குழாய்களை அடக்குவதற்கு. இவருக்கோ காலில் குழாய் முளைக்க வேண்டுமாம். இரண்டு பேருக்கும் ஒரே சீனி வருத்தம். ஒருவருக்கு முளைப்பதை நிறுத்துகிறார்கள், மற்றவருக்கு முளைக்கவைப்பதாகச் சொல்கிறார்கள். இது எப்படி?

“நானா, ஒரு கிழமை தாங்க, வாசிச்சுப் பார்த்துச் சொல்றேன். அதுவரைக்கும் நகையில கை வைக்காதீங்க. ஆனா காலைக் காட்டுறதுக்கு ஒரு கிழமை பார்க்க வேணாம், நாளைக்கே கிளினிக்குக்குப் போங்க” என்றேன். அந்தக் கிழமையில் வாசித்ததன் சுருக்கம்தான் இது.

முதலில் நம்ம ஊரில் இருந்தே தொடங்குகிறேன். தமிழில் இதற்குப் பாலத்துறை என்று பெயர். கிராண்ட்பாஸ் என்பது போர்த்துக்கேயர் வைத்த பெயரில் இருந்து வந்தது. களனி ஆற்றைக் கடக்கும் பெரிய துறை என்று பொருள். பிரித்தானியர் காலத்தில் இங்கே படகுகளை அருகருகே கட்டி, மேலே பலகை போட்டு ஒரு படகுப் பாலம் வைத்திருந்தார்கள். 1895 இல் விக்டோரியா பாலம் வந்த பிறகுதான் அதன் தேவை தீர்ந்தது.

ஆக, பாதை உண்டாக இரண்டு வழி இருக்கிறது. பாதையே இல்லாத இடத்தில் தனித்தனிப் படகுகள் வந்து ஒன்றோடொன்று சேர்ந்து பாதையாவது ஒன்று. ஏற்கெனவே இருக்கும் பெரிய வீதியில் இருந்து ஒழுங்கை கிளைப்பது மற்றது. நம்முடைய உடம்பிலும் இரத்தக் குழாய்கள் இந்த இரண்டு வழியாலும்தான் உண்டாகின்றன. தாயின் வயிற்றில் கரு உருவாகும்போது தனித்தனியாக இருக்கும் முன்னோடிக் கலங்கள் சேர்ந்து முதல் குழாயைக் கட்டுகின்றன. பிறகு இருக்கும் குழாயில் இருந்து கிளை விடுகிறது. இதை மனிதன் கண்டுபிடிக்க எத்தனை நூற்றாண்டு எடுத்தது என்று பாருங்கள்.

கோழி முட்டையை நாளுக்கு ஒன்றாக உடைத்துப் பார்த்து, மூன்றாம் நாளளவில் துடிக்கும் செம்புள்ளிதான் இதயம் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். டமஸ்கஸில் படித்து கெய்ரோவில் வைத்தியம் செய்த இப்னு நபீஸ் 1242 இல், இதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் நுரையீரல் வழியாகச் சுற்றித்தான் இடப்பக்கத்துக்கு வருகிறது என்று எழுதினார். நாடிக்கும் நாளத்துக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத சிறிய வழிகள் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்தக் கையெழுத்துப் பிரதி பெர்லின் நூலகத்தில் கிடந்ததை 1924 இல் ஓர் எகிப்திய வைத்தியர் கண்டெடுத்தார். நமக்குப் பெருமையான விடயம்தான். ஆனால் “எல்லாவற்றையும் அன்றே நம்மவர்கள் சொல்லிவிட்டார்கள்” என்று சொல்லிக்கொண்டு இருந்துவிட முடியாது. உடல் முழுவதும் இரத்தம் சுற்றுவதை 1628 இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹார்வி நிறுவினார். அந்தச் சிறிய வழிகளை 1661 இல் இத்தாலியில் மல்பீகி தவளையின் நுரையீரலில் நுணுக்குக்காட்டி வைத்துக் கண்ணால் கண்டார். அவைதான் நாம் பத்தாம் தரத்தில் படிப்பிக்கும் மயிர்க்குழாய்கள்.

குழாய்கள் இருப்பது தெரிந்தது. அவற்றை யார் கட்டுகிறார்கள்? ஜேர்மனியில் வேலை செய்த வில்ஹெல்ம் ஹிஸ், குழாயைக் கட்டும் முதல் கலங்களுக்கு 1900 ஆம் ஆண்டளவில் பெயர் வைத்தார். அவை கட்டுவதை நேரில் பார்த்தவர் அமெரிக்காவின் புளோரன்ஸ் சாபின் என்ற பெண்மணி. பெண்களை வைத்தியக் கல்லூரிக்குள் எடுக்கவே தயங்கிய காலத்தில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியக் கல்லூரியின் முதல் பெண் பேராசிரியராக 1917 இல் வந்தவர். கோழிக் கருவை ஒரு துளித் திரவத்தில் தொங்கவிட்டு, உயிரோடு வைத்து, இராமுழுக்க விழித்திருந்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். தனித்தனிக் கலங்கள் கிட்ட வந்து, ஒட்டி, குழாயானதைக் கண்டார். அவற்றில் இருந்தே இரத்தக் கலங்கள் பிரிந்ததையும் கண்டார். 1920 இல் அதை வெளியிட்டார். நம்ம படகுப் பாலம் கட்டப்பட்டதை அவர் கண்ணால் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கேள்வி, அந்தக் கலங்களை “வா” என்று கூப்பிடுவது யார் என்பது. இதற்கு முதல் தடயம் தந்தது கண். சீனி வருத்தத்தில் விழித்திரையின் குழாய்கள் பழுதாகிப் போகும் இடங்களுக்குப் பக்கத்தில் தாறுமாறாகப் புதுக் குழாய்கள் முளைப்பதைப் பார்த்த கண் வைத்தியர் ஐசக் மைக்கல்சன், விழித்திரையே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து அவற்றை அழைக்கிறது என்று 1948 இல் எழுதினார். அந்தப் பொருள் என்ன என்று அவருக்குத் தெரியாது.

இரண்டாவது தடயம் புற்றுநோய். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையில் வைத்தியராக இருந்த ஜூடா போக்மன், உடம்புக்கு வெளியே கண்ணாடிப் பாத்திரத்தில் உயிரோடு வைத்த ஓர் உறுப்பில் புற்றுநோய்க் கலங்களை விட்டுப் பார்த்தார். கட்டி ஒன்று, இரண்டு மில்லிமீற்றர் வளர்ந்ததும் நின்றுவிட்டது. காரணம் அதற்குள் இரத்தக் குழாய் போகவில்லை. அப்படியானால் உடம்பில் வளரும் கட்டி ஏதோ ஒரு செய்தி அனுப்பிக் குழாயைத் தன்னிடம் இழுக்கிறது, அந்தச் செய்தியை மறித்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்று 1971 இல் எழுதினார். பல வருடம் அவரைப் பலர் பொருட்படுத்தவில்லை, சிலர் கேலியும் செய்தார்கள்.

1983 இல் பொஸ்டனில் டொனால்ட் செங்கரும் ஹரோல்ட் டுவோராக்கும் கட்டிகள் சுரக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது குழாய்களைக் கசியச் செய்தது. 1989 இல் கலிபோர்னியாவில் நெப்போலியோனே பெராரா, குழாய்ச் சுவர்க் கலங்களைப் பெருகச் செய்யும் ஒரு புரதத்தை மாட்டின் மூளையடிச் சுரப்பிக் கலங்களில் இருந்து எடுத்தார். பார்த்தால் இரண்டும் ஒரே புரதம். அதன் சுருக்கப் பெயர் வி.ஈ.ஜி.எஃப். குழாயை வளர்க்கும் அதே புரதம்தான் குழாயைக் கசியவும் வைக்கிறது. இதை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இந்தப் புரதம் ஒரு தபால் மாதிரி. ஒட்சிசன் குறைந்த கலம் அதை வெளியே விடுகிறது. குழாய்க் கலத்தின் மேற்பரப்பில் அதைப் பிடிக்க ஒரு வாங்கி இருக்கிறது. பிடித்ததும் அந்தக் கலம் பெருகும், நகரும், குழாயாகும். ஒட்சிசன் குறைந்ததைக் கலம் எப்படி உணர்கிறது என்று கண்டுபிடித்த மூவருக்குத்தான் 2019 ஆம் ஆண்டு வைத்தியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

தபால் எவ்வளவு முக்கியம் என்பதை எலிகளில் பார்த்தார்கள். அந்த வாங்கி இல்லாத எலிக் கருவில் குழாயும் உருவாகவில்லை, இரத்தக் கலங்களும் உருவாகவில்லை. கரு இறந்தது. இது 1995 இல். அடுத்த வருடம் இன்னோர் ஆச்சரியம். தாயிடம் இருந்து ஒன்று, தந்தையிடம் இருந்து ஒன்று என்று வரும் இரண்டு வி.ஈ.ஜி.எஃப். மரபணுக்களில் ஒன்று குறைந்தாலே கரு பிழைக்கவில்லை. அளவு பாதியாவதைக்கூட உடம்பு தாங்கவில்லை.

இப்போது உம்மாவின் கண்ணுக்கு வருவோம். 1994 இல் சீனி வருத்தக்காரரின் கண் திரவத்தை அளந்து பார்த்தபோது, புதுக் குழாய் முளைக்கும் கண்களில் இந்தப் புரதம் அதிகமாக இருந்தது. மைக்கல்சன் 46 வருடத்துக்கு முன் சொன்ன பெயர் தெரியாத பொருளுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. வருடக்கணக்கில் கூடின சீனி விழித்திரையின் மயிர்க்குழாய்களைக் கெடுக்கிறது. ஒட்சிசன் போதாமல் விழித்திரை தபால் போடுகிறது. போட்டுக்கொண்டே இருக்கிறது. அவசரத்தில் முளைக்கும் குழாய்கள் மெல்லியவை. கசியும், வெடிக்கும், பார்வையை மறைக்கும்.

பெராராவின் குழு இந்தப் புரதத்தைப் பிடித்துக்கட்டும் பெவசிசுமாப் என்ற மருந்தைச் செய்தது. 2004 இல் அமெரிக்காவில் குடல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. போக்மன் சொன்னது 33 வருடத்தின் பின் மருந்தாகியது. அடுத்த வருடமே கண் வைத்தியர்கள் அதில் சொற்ப அளவை எடுத்துக் கண்ணுக்குள் ஏற்றிப் பார்த்தார்கள். கண்ணுக்கென்றே செய்த ரனிபிசுமாப் 2006 இல் வந்தது. விலை பல மடங்கு. வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி கெடும் நோயில் இரண்டையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2011 இல் வெளியானது. பார்வையைக் காப்பதில் மலிவானது பின்தங்கவில்லை. நம்மைப் போன்றவர்களின் உம்மாவுக்கு இந்த ஊசி எட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உம்மாவுக்குப் பார்வை மங்கின பிறகுதான் நான் கண்ணைக் காட்டினேன். “எனக்கு நல்லாத் தெரியுது மகன், ஊசி நூல் கோர்க்கிறேன்தானே” என்பார். நானும் விட்டுவிட்டேன். இந்த நோய் தொடங்கும்போது பார்வையில் ஒன்றும் தெரியாது. விழித்திரையைச் சோதித்தால்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைப் படிப்பித்த நானே வீட்டில் செய்யவில்லை. இப்போது இடது கண்ணில் கொஞ்சம் போனது போனதுதான்.

சரி, கால். கண்ணில் அதிகமாகிற புரதத்தைக் காலில் கொடுத்தால் குழாய் முளைக்கும்தானே? இதையே பொஸ்டனில் ஜெப்ரி இஸ்னர் என்ற இதய வைத்தியர் யோசித்தார். இரத்தம் போகாத கால் உள்ள ஒரு நோயாளிக்கு வி.ஈ.ஜி.எஃப். மரபணுவை ஏற்றி, படத்தில் புதிய குழாய்கள் தெரிந்ததாக 1996 இல் வெளியிட்டார். கால் வீங்கவும் செய்தது. அந்தப் புரதம் கசியவைக்கும் என்று சொன்னேனே, அதுதான்.

அடுத்த வருடம், 1997 இல், இஸ்னரின் கூடத்தில் இருந்த ஜப்பானிய வைத்தியர் தக்காயுக்கி அசஹாரா உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தார். கருவில் மட்டுமே இருப்பதாக நினைத்த அந்த முன்னோடிக் கலங்கள், வளர்ந்த மனிதரின் ஓடும் இரத்தத்திலும் இருக்கின்றன என்றார். அவற்றை இரத்தத்தில் இருந்து பிரித்து, காலில் இரத்தம் தடைப்பட்ட விலங்குகளுக்குக் கொடுத்தபோது, புதிய குழாய்ச் சுவரில் அவை போய் அமர்ந்ததாகக் காட்டினார். தொடர்ந்து வந்த ஆய்வுகள், வி.ஈ.ஜி.எஃப். போன்ற புரதங்கள் என்பு மச்சையில் இருந்து இந்தக் கலங்களை இரத்தத்துக்குள் இறக்கிவிடுகின்றன என்றும் சொல்லின. படகுகள் நம் இரத்தத்திலேயே மிதக்கின்றன, சத்தம் போட்டுக் கூப்பிட்டால் வந்து பாலமாகிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானாவின் கையில் இருந்த பிரசுரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

2002 இல் ஜப்பானில் சில பத்து நோயாளிகளின் காலில் அவர்களுடைய என்பு மச்சைக் கலங்களை ஏற்றி, வலி குறைந்தது, இரத்த ஓட்டம் கூடியது என்றார்கள். நம்பிக்கை இன்னும் பெருத்தது.

ஆனால் விஞ்ஞானத்தில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பாதிப் பேருக்கு மருந்தும் மீதிப் பேருக்கு வெறும் ஊசியும் கொடுத்து, யாருக்கு எது என்று நோயாளிக்கும் வைத்தியருக்கும் தெரியாமல் வைத்துப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தபோது என்ன நடந்தது?

இதயத்துக்கு இரத்தம் போதாத 178 பேரில் வி.ஈ.ஜி.எஃப். புரதத்தைச் சோதித்து 2003 இல் வெளியிட்டார்கள். 60 ஆம் நாள் பார்த்தபோது வெறும் ஊசி போட்டவர்களைவிட மேலாக இல்லை. வேறொரு வளர்ச்சிப் புரதத்தின் மரபணுவை 30 நாடுகளில் 525 கால் நோயாளிகளுக்குச் சோதித்த முடிவு 2011 இல் வந்தது. கால் வெட்டுவது குறையவில்லை. ஒல்லாந்தில் 160 பேருக்கு என்பு மச்சைக் கலங்களை ஏற்றிச் சோதித்தது 2015 இல் வெளியானது. அங்கும் கால் வெட்டுவது குறையவில்லை. வெறும் ஊசி போட்டவர்களில் பலருக்கும் கொஞ்சம் சுகமானது. “எனக்குப் போட்டார்கள், சுகமாகிவிட்டது” என்று ஒருவர் சொல்லும் சாட்சியை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஏன் சரிவரவில்லை? ஒரு காரணம், ஒரு புரதம் மட்டும் குழாய் கட்டாது. வி.ஈ.ஜி.எஃப். தொடங்கிவைக்கும். சுவரைச் சுற்றித் தாங்கும் கலங்களை அழைக்க வேறு புரதம், கசிவை அடைக்க வேறு புரதம், எல்லாம் அளவாக, நேரத்துக்கு வர வேண்டும். ஒருவரை மட்டும் அனுப்பினால் கண்ணில் வந்த மாதிரிக் கசியும் குழாய்தான் வரும். இந்தியாவில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த ராக்கேஷ் ஜெயின், கட்டிகளின் குழாய்கள் ஏன் இப்படிக் கோணல்மாணலாக இருக்கின்றன என்று ஆராய்ந்து, சமநிலைதான் முக்கியம் என்று 2001 இல் எழுதினார்.

இரண்டாவது காரணம் அந்தக் கலங்களிலேயே இருந்தது. 2003 இல் இருந்து சந்தேகம் தொடங்கியது. இந்தியானா பல்கலைக்கழகத்தில் மெர்வின் யோடரின் குழு 2007 இல் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. ‘முன்னோடிக் கலம்’ என்று எல்லோரும் வளர்த்துக்கொண்டிருந்தவற்றில் பெரும்பாலானவை ஒருவகை வெண்குருதிக் கலங்கள். அவை குழாயாக மாறுவதில்லை. குழாய் முளைக்கும் இடத்துக்குப் போய் நின்று, புரதங்களைச் சுரந்து, அங்கே ஏற்கெனவே இருக்கும் கலங்களை வேலைக்கு ஏவுகின்றன. உண்மையாகவே குழாயாகக்கூடியவை இரத்தத்தில் மிக அரிது. படகு என்று நினைத்தவை கரையில் நின்று படகுகளைக் கூப்பிடும் ஆட்கள் என்று பத்து வருடத்தின் பின் தெரிந்தது.

மூன்றாவது காரணம் நமக்கு மிக நெருக்கமானது. சீனி வருத்தக்காரரின் இரத்தத்தில் எடுத்த இந்தக் கலங்கள் ஆய்வுகூடத்திலேயே சோர்ந்துபோய்ப் பெருகின. புகைப்பவர்களின் இரத்தத்தில் அவை எண்ணிக்கையில் குறைந்திருந்தன. காலில் ஒட்சிசன் குறைந்தாலும் தபால் சரியாகப் போவதில்லை, போனாலும் வேலைக்கு ஆள் வருவதில்லை. கண்ணில் தேவைக்கு மேல் கூச்சல், காலில் தேவைக்குக்கூட மௌனம். ஒரே வருத்தம் இரண்டையும் செய்கிறது. இந்த முரண்பாட்டை விஞ்ஞானிகள் இன்னும் முழுதாக அவிழ்க்கவில்லை.

இஸ்னர் இதில் எதையும் பார்க்கவில்லை. இதயத்துக்குப் புதுக் குழாய் வளர்க்கப் பாடுபட்ட அந்த மனிதர் 2001 இல், ஐம்பது கடந்த சில வருடத்தில், மாரடைப்பால் இறந்தார்.

ஆய்வு நிற்கவில்லை. பெங்களூரில் தயாராகும் ஒருவகை என்பு மச்சைக் கல மருந்துக்கு, புகைப்பவர்களின் கால் நாடிகளை அடைக்கும் பெர்கர் நோய்க்காக இந்திய அரசு 2016 இல் மட்டுப்படுத்தப்பட்ட அனுமதி கொடுத்தது. அதுகூட, கலங்கள் குழாயாவதைவிட அவை சுரக்கும் புரதங்களை நம்பியே கொடுக்கப்படுகிறது. ஆகவே “எல்லாம் பொய்” என்று நான் சொல்லவில்லை. நானாவின் பிரசுரத்தில் மருந்தின் பெயர் இல்லை, எந்த நோய்க்கு எந்த அரசு அனுமதித்தது என்று இல்லை, எத்தனை பேரில் ஒப்பிட்டுச் சோதித்தார்கள் என்று இல்லை. சிரித்துக்கொண்டு நிற்கும் படங்களும் ஒரு தொலைபேசி இலக்கமும்தான் இருந்தன. இப்படி ஏதும் உங்கள் கைக்கு வந்தால் இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் நகையைத் தொடாதீர்கள்.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டுத் திண்ணையில் இருந்து சொன்னேன். அதற்குள் அவர் அரசாங்க வைத்தியசாலைக்குப் போய் வந்திருந்தார். குழாய்ச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார்கள். காலின் பெரிய நாடி ஒன்று முக்கால்வாசி அடைபட்டிருந்தது. அதைப் பலூன் விட்டு விரித்தார்கள். ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. புண் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஆறியது. பாதம் தப்பியது. “மூணு மாசத்துக்கு முந்தி வந்திருந்தா விரலும் தப்பியிருக்கும்” என்று வைத்தியர் சொன்னாராம். மகளின் நகை பெட்டியிலேயே இருக்கிறது. சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். கடைத்தெருவில் பார்த்தால் எனக்கு அறிவியுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். சீனி இருந்தால் பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைச் சோதியுங்கள். வுழூ செய்யும்போது பாதத்தையும் விரல் இடுக்கையும் கண்ணால் பாருங்கள், குனிய முடியாதவருக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். விரல் இடுக்கை ஈரமாக விடாதீர்கள். புண் வந்தால் மருந்துக்கடையில் பவுடர் வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம், அந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போங்கள். நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுகிறதென்றால் அது வயசுக் கோளாறு என்று விடாமல் காட்டுங்கள். புண் இல்லாதவர்கள், வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு, நல்ல செருப்புப் போட்டு ஒவ்வொரு நாளும் நடங்கள். கால் நாடி அடைப்புக்கு நடைப்பயிற்சி பலன் தருவதை ஒப்பிட்டுச் சோதித்து நிரூபித்திருக்கிறார்கள். அதற்கு நகை விற்கத் தேவையில்லை.

உம்மாவுக்கு அடுத்த ஊசி வரும் புதன்கிழமை. துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.